டியூடர் வம்சம் எங்கிருந்து வந்துச்சு? அதிகம் பேசப்படாத ஆட்கள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டியூடர்னு சொன்னவுடனே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஆறு கல்யாணம் பண்ண எட்டாம் ஹென்றியும் அவர் பொண்ணு முதலாம் எலிசபெத்தும்தான். அவங்களுக்கு முன்னாடி அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினது யாருன்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியே அதுதான், அதனால என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளையும் எனக்குத் தெரிஞ்ச பதில்களையும் இங்க எழுதி வச்சிருக்கேன்.

கேள்வி: டியூடர்கள் இங்கிலீஷ்காரங்கதானே?

இல்லைங்க, அப்பா வழியில பார்த்தா சுத்தமான வேல்ஸ் குடும்பம். வேல்ஸோட வடமேற்கு மூலையில ஆங்கிள்சினு ஒரு தீவு இருக்கு, அதுல பென்மனித்ங்கற சின்ன ஊர்தான் இவங்க சொந்த ஊர். இவங்க முன்னோர்ல முதல் பெரிய ஆள் எட்நிவெட் வஹன். 13ஆம் நூற்றாண்டுல வடக்கு வேல்ஸை ஆண்ட லவெலின் மகாராஜாவுக்கு இவர்தான் திவான் மாதிரி. போருக்கும் போவாரு, தூதும் போவாரு, ராஜா கையெழுத்துப் போடற இடத்துல சாட்சியா இவர் பேரும் இருக்கும். லவெலின் 1240ல செத்ததுக்கு அப்புறம் அவர் மகன்கிட்டயும் அதே வேலையிலதான் இருந்தாரு, 1246ல இறந்தாரு. தென் வேல்ஸை ஆண்ட ரீஸ் பிரபுவோட பொண்ணு க்வென்லியனை இவர் கட்டிக்கிட்டதால அந்த ராஜரத்தமும் குடும்பத்துக்குள்ள வந்துருச்சு.

குடும்பச் சின்னத்துல மூணு தலை இருந்ததுக்கு ஒரு கதை சொல்வாங்க, எட்நிவெட் ஒரு சண்டையில மூணு இங்கிலீஷ்காரங்க தலையை வெட்டி எடுத்துட்டு வந்தாராம். பின்னாடி இதே குடும்பம் இங்கிலாந்து சிம்மாசனத்துலயே உக்காந்துச்சு.

கேள்வி: "டியூடர்"ங்கறது குடும்பப் பேரா?

அப்போ வேல்ஸ்ல குடும்பப் பேரே கிடையாது. நம்ம ஊர்ல அப்பா பேரை இனிஷியலா போடற மாதிரி அவங்க "ஆப்"னு ஒரு சொல்லை நடுவுல போட்டு அப்பா பேரைச் சேர்ப்பாங்க, ஆப்னா மகன்னு அர்த்தம். நம்ம கதையில முக்கியமான ஆளோட முழுப்பேரு ஓவைன் ஆப் மரெடித் ஆப் டுடுர், அதாவது டுடுரோட மகன் மரெடித், மரெடித்தோட மகன் ஓவைன். இங்கிலாந்துக்கு வந்தப்போ கிளார்க்குகளுக்கு இது புரியல, ஏதாவது ஒண்ணைக் கடைசிப் பேரா எழுதியாகணும். அப்பா பேரு மரெடித்தையும் சில இடத்துல எழுதியிருக்காங்க, கடைசியில நிலைச்சது தாத்தா பேரு. அன்னைக்கு அது வேற மாதிரி நிலைச்சிருந்தா எட்டாம் ஹென்றியை நாம மரெடித் வம்சம்னு படிச்சிருப்போம்.

கேள்வி: நல்லா இருந்த குடும்பம் ஏன் சரிஞ்சுது?

ஒரு புரட்சியில தோத்த பக்கம் நின்னதால. 1400ல ஓவைன் கிளிண்டூர் இங்கிலாந்து ராஜா நாலாம் ஹென்றிக்கு எதிரா எழுந்தாரு, அவர் இந்தப் பென்மனித் அண்ணன் தம்பிகளுக்கு சொந்தக்காரர், அவங்க அம்மாவும் இவர் அம்மாவும் அக்கா தங்கச்சி. அதுல ரீஸ், க்விலிம்னு ரெண்டு பேர் 1401 ஏப்ரல் 1, பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கு கான்வி கோட்டையையே பிடிச்சிட்டாங்க. காவல் வீரர்கள் எல்லாம் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம், வேலைக்கு வந்த தச்சர் மாதிரி ஒருத்தன் வாசல்ல வந்து நின்னான், இருந்த காவலாளிகளைக் கொன்னுட்டு சுமார் 40 பேர் உள்ள புகுந்துட்டாங்க. முதலாம் எட்வர்ட் வேல்ஸை அடக்கி வைக்கறதுக்குன்னே கட்டின கோட்டை அது! சில மாசம் கையில வச்சிருந்தாங்க. அப்புறம் நடந்ததைப் படிக்கறப்போ மனசு கஷ்டமா இருக்கும், மன்னிப்பு வாங்கறதுக்காக தங்களோட ஆட்கள்லயே ஒன்பது பேரைப் பிடிச்சுக் குடுத்துட்டாங்க, அவங்களை இங்கிலீஷ் படை கொடூரமா கொன்னுச்சு.

அந்த மன்னிப்பும் ரொம்ப நாள் நிக்கல. ரீஸை 1412ல செஸ்டர்ல கொன்னாங்க, நிலமெல்லாம் கை மாறிப் போச்சு. இன்னொரு தம்பி மரெடித்தோட மகன்தான் ஓவைன், இங்கிலீஷ்ல ஓவன் டியூடர். சொத்து இல்ல, சொந்த ஊர்ல செல்வாக்கு இல்ல, பிழைப்புக்கு இங்கிலாந்து பக்கம் போன பையன்.

கேள்வி: அப்படிப்பட்ட ஆள் எப்படி ஒரு ராணியைக் கட்டினாரு?

ராணி பேரு கேத்தரின், பிரான்ஸ் ராஜா ஆறாம் சார்லஸோட பொண்ணு. 1420ல ஐந்தாம் ஹென்றியைக் கல்யாணம் பண்ணாங்க, 1422ல அவர் செத்துட்டாரு, அப்போ கேத்தரினுக்கு வயசு 20, கைக்குழந்தைக்கு ஒன்பது மாசம்கூட ஆகல, அந்தக் குழந்தைதான் ஆறாம் ஹென்றி ராஜா. அந்நிய நாடு, புருஷன் இல்ல, பெத்த பிள்ளையை வளர்க்கற முடிவெல்லாம் கவுன்சில் கையில.

அவங்க மறுபடி யாரையாவது கட்டிக்கிட்டா அந்தப் புருஷன் குட்டி ராஜாவுக்கு மேல அதிகாரம் பண்ணுவானேன்னு பிரபுக்களுக்கு பயம், அதனால 1427-28ல பார்லிமென்ட்ல ஒரு சட்டமே போட்டாங்க. ராஜாவோட அனுமதி இல்லாம விதவை ராணியைக் கட்டினா நிலமெல்லாம் பறிபோகும், அந்த அனுமதியும் ராஜா வயசுக்கு வந்த பிறகு குடுத்ததாதான் இருக்கணும். ராஜாவுக்கு அப்போ 6 வயசு. அதாவது இன்னும் பத்து வருஷத்துக்கு மேல காத்திருக்கணும்.

ஓவன் அவங்க வீட்டுல வேலை பார்த்தவர், துணிமணி பொறுப்புல இருந்தார்னு வழக்கமா சொல்வாங்க. டான்ஸ் ஆடும்போது தடுமாறி ராணி மடியில விழுந்தாரு, அதுல ஆரம்பிச்சதுன்னு ஒரு கதையும் உண்டு, அழகான கதைதான், ஆனா கதையா மட்டும் வச்சுக்கங்க. நிச்சயமா தெரிஞ்சது என்னன்னா ரகசியமா கல்யாணம் ஆச்சு, 1430 வாக்குல எட்மண்ட் பிறந்தான், அடுத்து ஜாஸ்பர், லண்டனுக்கு வெளிய கிராமத்து மாளிகைகள்ல வளர்ந்தாங்க. பறிக்கறதுக்கு நிலமே இல்லாதவரைக் கட்டிக்கிட்டதால அந்தச் சட்டம் கேத்தரினை ஒண்ணும் பண்ண முடியல, இதை அவங்க தெரிஞ்சேதான் பண்ணாங்கன்னு நான் நினைக்கறேன்.

1437 ஜனவரி 3ஆம் தேதி பெர்மண்ட்சி மடத்துல கேத்தரின் இறந்தாங்க. பாதுகாப்பு போன உடனே ஓவனைப் பிடிச்சு நியூகேட் ஜெயில்ல போட்டாங்க, அங்கிருந்து தப்பிச்சாரு, திரும்பப் பிடிச்சாங்க, கடைசியில மன்னிச்சு விட்டாங்க. ரெண்டு பசங்களையும் பார்க்கிங் கன்னியர் மடத்துல தலைவி கேத்தரின் டி லா போல் வளர்த்தாங்க. ராஜாவோட தம்பிங்கன்னு அவங்களை மறக்காம பார்த்துக்கிட்ட இந்த அம்மா பேரை நான் எங்க கதை சொன்னாலும் விடறதில்ல.

கேள்வி: எட்மண்ட் ஓவனோட மகனே இல்லன்னு சொல்றாங்களே?

எட்மண்ட் போஃபோர்ட்ங்கற பிரபுவோட கேத்தரினுக்கு நெருக்கம்னு அப்பவே பேச்சு இருந்துச்சு, மறுமணச் சட்டம் வந்ததே அதைத் தடுக்கத்தான்னு சில வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க, மூத்த பையனுக்கும் எட்மண்ட்னு பேரு. ஆதாரம்னு ஒண்ணும் கிடையாது. ஓவன் கடைசி வரைக்கும் அந்தப் பசங்களுக்காகத்தான் நின்னாரு.

கேள்வி: ஓவனுக்கு என்ன ஆச்சு?

1461 பிப்ரவரி தொடக்கம், லங்காஸ்டர், யார்க்னு ரெண்டு ராஜகுடும்பம் சிம்மாசனத்துக்காகப் போட்ட ரோஜாப் போர் நடக்குது, மார்ட்டிமர்ஸ் கிராஸ்ங்கற இடத்துல ஓவனும் ஜாஸ்பரும் ஆறாம் ஹென்றியோட லங்காஸ்டர் பக்கம், எதிர்ல பின்னாடி நாலாம் எட்வர்டா ஆகப்போற 18 வயசுப் பையன். இவங்க தோத்தாங்க. ஜாஸ்பர் தப்பிச்சாரு, அறுபது வயசு ஓவன் மாட்டிக்கிட்டாரு.

ஹெரிஃபோர்ட் சந்தை நடுவுல கொண்டு போய் நிறுத்தினாங்க. அந்தக் காலத்து லண்டன் நாளாகமம் ஒண்ணுல இதை விவரமா எழுதியிருக்கு. கோடாலியையும் கட்டையையும் பார்க்கற வரைக்கும் தன்னைக் கொல்ல மாட்டாங்கன்னே நம்பிட்டு இருந்தாராம். அவர் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் சட்டையோட காலரைக் கிழிச்சப்போதான் புரிஞ்சுது. "கேத்தரின் ராணி மடியில படுத்துப் பழகின தலை இப்போ இந்தக் கட்டையில படுக்கப் போகுது"னு சொன்னாராம். வெட்டின தலையை சந்தைச் சிலுவையோட மேல்படியில வச்சாங்க. புத்தி சரியில்லாத ஒரு பொண்ணு வந்து அந்தத் தலையோட முடியைச் சீவி விட்டு, முகத்துல இருந்த ரத்தத்தைக் கழுவி, சுத்தி நூறு மெழுகுவர்த்திக்கு மேல ஏத்தி வச்சா. யாரு அவ, ஏன் பண்ணான்னு எழுதி வைக்கல. எத்தனை தடவை படிச்சாலும் அந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

கேள்வி: அப்போ சிம்மாசனத்துக்கு உரிமை எங்கிருந்து வந்துச்சு? ஓவன் ராஜா இல்லையே?

இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. கேத்தரின் வழியா எட்மண்டுக்கு வந்தது பிரெஞ்சு ராஜரத்தம், இங்கிலாந்து ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. ஆறாம் ஹென்றிக்கு அம்மா வழித் தம்பிங்கறதால 1452ல எட்மண்டுக்கு ரிச்மண்ட் பிரபுப் பட்டமும் ஜாஸ்பருக்கு பெம்புரோக் பிரபுப் பட்டமும் கிடைச்சுது, அவ்ளோதான். உரிமை வந்தது எட்மண்ட் கட்டின மார்கரெட் போஃபோர்ட் வழியா.

போஃபோர்ட் வம்சமே இன்னொரு ரகசியத்துல ஆரம்பிச்சது. மூணாம் எட்வர்டோட மகன் ஜான் ஆஃப் கான்ட், அவர் பொண்ணுங்களைப் பார்த்துக்க வந்தவங்க கேத்தரின் ஸ்வின்ஃபோர்ட். இன்னைக்கு பெல்ஜியம் பக்கம் இருக்கற எய்னோல இருந்து வந்த ஒரு வீரரோட மகள், அக்கா தங்கச்சியில ஒருத்தரான ஃபிலிப்பா கட்டினது யாரைத் தெரியுமா, கவிஞர் சாசரை! கேத்தரினுக்கும் ஜானுக்கும் கல்யாணம் ஆகாமலே நாலு பிள்ளைங்க, 1396ல லிங்கன் கதீட்ரல்ல ஊரறிய கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. போப் ஒத்துக்கிட்டாரு, 1397ல பார்லிமென்ட்டும் பிள்ளைங்களை முறையானவங்கன்னு அறிவிச்சுது. ஆனா 1407ல நாலாம் ஹென்றி அந்த ஆவணத்துல "ராஜபதவி நீங்கலாக"ன்னு மூணு லத்தீன் வார்த்தையைச் சேர்த்துட்டாரு. பார்லிமென்ட் பாஸ் பண்ணதை ராஜா மட்டும் திருத்த முடியுமான்னு அதுக்கப்புறம் ஓயாத வாதம். எட்மண்டுக்கும் மார்கரெட்டுக்கும் பிறந்து, டியூடர்கள்ல முதல் ராஜாவான ஏழாம் ஹென்றியோட உரிமை நின்னது இந்த ஆட்டம் காணற பலகை மேலதான். அதனாலதான் அவர் போர்ல ஜெயிச்சதைத்தான் முன்னாடி வச்சுப் பேசினாரு.

கேள்வி: மார்கரெட் போஃபோர்ட் கொடுமைக்கார மாமியார்னு சீரியல்ல காட்டறாங்களே?

தயவுசெஞ்சு அவங்க வயசைப் பார்த்துட்டு பேசுங்க. 1443 மே 31ல பிறந்தவங்க. 1455 நவம்பர்ல எட்மண்டோட கல்யாணம், வயசு 12. எட்மண்டுக்கு 25 இருக்கும், சொத்துக்காக அவ்ளோ அவசரப்பட்டாரு. ஒரு வருஷத்துல, 1456 நவம்பர் தொடக்கத்துல, எதிரி பிடிச்சு வச்சிருந்த கார்மார்தன்ல பிளேக் வந்து அவர் செத்துட்டாரு. வயித்துல ஆறு மாசக் குழந்தையோட விதவை, மச்சினர் ஜாஸ்பர் பெம்புரோக் கோட்டையில அடைக்கலம் குடுத்தாரு. 1457 ஜனவரி 28, நடு குளிர்காலம், 13 வயசுல ஹென்றியைப் பெத்தாங்க. அதுக்கப்புறம் ரெண்டு கல்யாணம் ஆச்சு, ஒரு குழந்தைகூட பிறக்கல, அந்தப் பிரசவம் உடம்பை அவ்ளோ கெடுத்திருக்கணும்.

நாப்பது வருஷம் கழிச்சு அவங்க பேத்தியை ஸ்காட்லாந்து ராஜாவுக்குப் பேசினப்போ, பொண்ணுக்கு 9 வயசு கூட ஆகல. இப்போ அனுப்பக் கூடாது, அவர் காத்திருக்க மாட்டாரு, குழந்தை உடம்பு கெட்டுப் போகும்னு மார்கரெட்டும் மருமகள் எலிசபெத்தும் சேர்ந்து தடுத்தாங்க. ஏழாம் ஹென்றியே இதை ஸ்பெயின் தூதர்கிட்ட சொல்லியிருக்காரு. அவங்க யாருன்னு எனக்குக் காட்டினது இந்த ஒரு விஷயம்தான். அந்தப் பேத்தி 13 வயசு முடியப்போற நேரத்துலதான், 1503ல போனா, இன்னைக்கு இருக்கற பிரிட்டிஷ் ராஜகுடும்பம் அவ வழியா வந்ததுதான்.

கேள்வி: ஜாஸ்பர் அப்படி என்ன பண்ணிட்டாரு?

எல்லாம் பண்ணாரு! அவர் இல்லன்னா வம்சம் இல்ல. 1461ல அப்பாவைக் கொன்னுட்டாங்க, பட்டமும் நிலமும் போச்சு, நாலு வயசு ஹென்றியை எதிரிப் பக்கத்து வில்லியம் ஹெர்பர்ட் 1000 பவுண்டு குடுத்து வளர்ப்புரிமையா வாங்கி ரக்லன் கோட்டைக்குக் கொண்டு போயிட்டாரு. ஜாஸ்பர் ஸ்காட்லாந்து, பிரான்ஸ், வேல்ஸ்னு சுத்திட்டே இருந்தாரு, 1468ல சின்னப் படையோட வந்து டென்பி ஊரைக் கொளுத்திட்டு மறுபடி தப்பிச்சாரு.

1471 மே மாசம்தான் திருப்புமுனை. ட்யூக்ஸ்பரி சண்டையில லங்காஸ்டர் இளவரசர், அதாவது ஆறாம் ஹென்றியோட மகன் செத்தாரு, மூணு வாரத்துக்குள்ள ஆறாம் ஹென்றியும் லண்டன் டவர்ல முடிஞ்சாரு, ஆண் போஃபோர்ட்களும் தீர்ந்துட்டாங்க, மிச்சம் 14 வயசு ஹென்றி. ஜாஸ்பரைப் பிடிக்க ரோஜர் வான்ங்கறவரை அனுப்பினாங்க, ஓவனைக் கொலைக்களத்துக்குக் கொண்டு போனதே இந்த ரோஜர்தான், ஜாஸ்பர் அவரைத் திருப்பிப் பிடிச்சு செப்ஸ்டோவ்ல தலையை எடுத்துட்டாரு. அப்புறம் டென்பி துறைமுகத்துல இருந்து கப்பல். (முன்னாடி சொன்ன டென்பி வடக்குல இருக்கற ஊர், இது தெற்குல கடலோரம், தமிழ்ல எழுதினா ஒரே மாதிரி வருது.) அந்த ஊர் மேயர் தாமஸ் வைட் ரெண்டு பேரையும் நிலவறையில ஒளிச்சு வச்சு அனுப்பினார்னு ஊர்க்கதை. பிரான்ஸுக்குப் போற கப்பல் புயல்ல மாட்டி, பிரான்ஸுக்குப் பக்கத்துல ஒரு டியூக் தனியா ஆண்ட பிரிட்டனி கரையில ஒதுங்குச்சு, அங்க 13 வருஷம்.

கேள்வி: 13 வருஷம் அங்க சும்மா இருந்தாங்களா?

விருந்தாளின்னும் சொல்லலாம், கைதின்னும் சொல்லலாம். பிரிட்டனி டியூக் இரண்டாம் பிரான்சிஸுக்கு இவங்க ஒரு பேரம் பேசற சரக்கு, சித்தப்பனையும் பிள்ளையையும் பிரிச்சு வேற வேற கோட்டையில வச்சாரு. 1476ல ஹென்றியை இங்கிலாந்து தூதர்கள்கிட்ட ஒப்படைச்சே விட்டாங்க, செயின்ட் மாலோ துறைமுகம் வரைக்கும் போயாச்சு. அங்க ஹென்றிக்கு காய்ச்சல், நிஜமோ நடிப்போ, அந்தத் தாமதத்துல டியூக் மனசு மாறி தன் மந்திரி பியேர் லாண்டேயை அனுப்பினாரு, அவர் ஹென்றியை ஒரு சர்ச்சுக்குள்ள நுழைய வச்சுக் காப்பாத்தினாரு.

அதே லாண்டேதான் 1484ல டியூக் படுத்த படுக்கையா இருந்தப்போ அப்போ இங்கிலாந்து ராஜாவா இருந்த மூணாம் ரிச்சர்டோட டீல் பேசி ஹென்றியை விக்கப் பார்த்தாரு. ஃபிளாண்டர்ஸ்ல ஒளிஞ்சிருந்த பிஷப் மார்ட்டனுக்கு விஷயம் தெரிஞ்சு, கிறிஸ்டோபர் அர்ஸ்விக்ங்கற பாதிரியார் மூலமா செய்தி அனுப்பினாரு. ஜாஸ்பர் முதல்ல பிரான்ஸ் எல்லையைத் தாண்டினாரு. ஹென்றி பக்கத்து ஊர் நண்பரைப் பார்க்கப் போறேன்னு கிளம்பி, காட்டுக்குள்ள போனதும் வேலைக்காரன் துணியை மாத்திக்கிட்டு குதிரையை விரட்டினாரு. துரத்தின வீரர்கள் எல்லைக்கு வந்தப்போ அவர் தாண்டி ஒரு மணி நேரம்தான் ஆயிருந்துச்சு.

கேள்வி: இங்கிலாந்துக்குள்ள யாரு வேலை பார்த்தாங்க?

மார்கரெட்தான், அவங்க கூட ரெண்டு பேரைச் சொல்லணும். ஒருத்தர் லூயிஸ் கேர்லியன், வேல்ஸ்காரர், டாக்டர், வானியலும் தெரிஞ்சவர். 1483ல நாலாம் எட்வர்டோட விதவை எலிசபெத் வுட்வில் ராணி வெஸ்ட்மின்ஸ்டர் சரணாலயத்துல அடைஞ்சு கிடந்தாங்க, அவங்க பசங்க ரெண்டு பேரும் டவர்ல காணாம போயிருந்தாங்க. மார்கரெட்டுக்கும் அவங்களுக்கும் டாக்டர் ஒரே ஆள், நோயாளியைப் பார்க்கற சாக்குல போய் கல்யாணப் பேச்சை முடிச்சது இவர்தான்: ஹென்றிக்கு அந்த ராணியோட பொண்ணு யார்க் எலிசபெத். அந்த கிறிஸ்துமஸ் அன்னைக்கு ரென் கதீட்ரல்ல ஹென்றி சத்தியமே பண்ணிட்டாரு. மாட்டிக்கிட்ட டாக்டரை ரிச்சர்ட் டவர்ல அடைச்சாரு, அங்க உக்காந்து கிரகணக் கணக்கு அட்டவணை போட்டுட்டு இருந்தாரு மனுஷன், அந்தக் கையெழுத்துப் பிரதிகள் இன்னும் இருக்கு.

இன்னொருத்தர் ரெஜினால்ட் ப்ரே, மார்கரெட்டோட காரியஸ்தர். பணம் சேர்த்தது, ஆள் சேர்த்தது எல்லாம் இவர். பின்னாடி ராஜாவோட முக்கிய மந்திரிகள்ல ஒருத்தரா ஆனாரு.

கேள்வி: வேல்ஸ் மக்கள் ஏன் ஆதரிச்சாங்க?

பாட்டுதான் காரணம்னு சொல்வேன். ஒரு நாள் "மாப் தரோகன்", அதாவது வாக்குல வந்த பிள்ளை, வந்து வேல்ஸை மீட்பான்னு அங்க கவிஞர்கள் நூத்துக்கணக்கான வருஷமா பாடிட்டு இருந்தாங்க. அந்த இடத்துல ஜாஸ்பரையும் ஹென்றியையும் வச்சுப் பாட ஆரம்பிச்சாங்க. 1485 ஆகஸ்ட் 7ல மில்ஃபோர்ட் ஹேவன் பக்கம் மில் பே கரையில இறங்கினப்போ கூட இருந்தது பெரும்பாலும் பிரெஞ்சு கூலிப்படை, ஆனா தூக்கிப் பிடிச்சது பழைய வேல்ஸ் ராஜா காட்வலாடரோட சிவப்பு டிராகன் கொடி. வழியில ரீஸ் ஆப் தாமஸ் தன் படையோட வந்து சேர்ந்ததுதான் பெரிய பலம்.

தாஃபித் லூயித்னு ஒரு கவிஞர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வழியில அவர் வீட்டுல தங்கின ஹென்றி, நான் ஜெயிப்பேனான்னு கேட்டாராம், கவிஞருக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவர் சம்சாரம் சொன்னாங்களாம், ஜெயிப்பீங்கன்னே சொல்லுங்க, ஜெயிச்சா பரிசு தருவாரு, தோத்தா திரும்பி வந்து கேக்கவா போறாரு?

கேள்வி: பாஸ்வொர்த் போர் பத்தி?

அதைத்தான் எல்லாரும் எழுதியிருக்காங்களே, சுருக்கமா போறேன். 1485 ஆகஸ்ட் 22. ரிச்சர்ட் நேரா ஹென்றி மேல பாய்ஞ்சாரு, கொடி பிடிச்சிருந்த வில்லியம் பிராண்டன் ஹென்றி பக்கத்துலயே விழுந்தாரு. மார்கரெட்டோட மூணாவது புருஷன் தாமஸ் ஸ்டான்லி நகரல, அவர் மகன் ரிச்சர்ட்கிட்ட பணயக்கைதி. அவர் தம்பி வில்லியம்தான் உள்ள இறங்கி ஹென்றி உயிரைக் காப்பாத்தினாரு, ரிச்சர்ட் செத்து ஹென்றி ராஜாவானாரு. அந்த வில்லியமையே 1495ல துரோகக் குற்றத்துக்கு ஹென்றி கொன்னாரு, இதை என்னால ஜீரணிக்க முடியறதில்ல.

கேள்வி: இவங்க சமாதியெல்லாம் இப்போ பார்க்க முடியுமா?

சிலதைப் பார்க்கலாம். பென்மனித் சர்ச்சுல ஓவனோட பெரியப்பா கோரன்வியும் அவர் சம்சாரமும் படுத்திருக்கற சலவைக்கல் சமாதி இருக்கு. மார்கரெட் வெஸ்ட்மின்ஸ்டர் அபேல, இத்தாலிக்காரர் டொரிஜியானோ வார்த்த வெண்கலச் சிலை, கும்பிட்ட கையோட சுருக்கம் வரைக்கும் தெரியும், கிட்ட போய் அந்தக் கையைப் பாருங்க. கேத்தரின் ராணி உடம்புக்கு ரொம்ப நாள் நிம்மதி இல்ல, ஏழாம் ஹென்றி புது சேப்பல் கட்ட பழசை இடிச்சப்போ வெளிய வந்த சவப்பெட்டி மூடி சரியா இல்லாம அப்படியே கிடந்துச்சு, 1669ல சாமுவேல் பீப்ஸ் தன்னோட பிறந்த நாளுக்கு ராணியை முத்தம் குடுத்தேன்னு டைரியில எழுதி வச்சிருக்காரு. 1878லதான் ஐந்தாம் ஹென்றி சமாதிக்கு மேல இருக்கற சேப்பல்ல வச்சாங்க. ஓவனைப் புதைச்ச ஹெரிஃபோர்ட் மடம் இப்போ இல்ல.

எட்மண்டைப் புதைச்ச கார்மார்தன் மடத்தை எட்டாம் ஹென்றி மூடினாரு, ஆனா தாத்தா சமாதியை மட்டும் செயின்ட் டேவிட்ஸ் கதீட்ரலுக்கு மாத்தினாங்க, பலிபீடத்துக்கு முன்னாடி இன்னும் இருக்கு. ஜாஸ்பர் 1495 டிசம்பர் 21ல பெட்ஃபோர்ட் டியூக்கா இறந்தாரு, கெயின்ஷம் மடத்துல புதைச்சாங்க. அந்த மடத்தையும் 1539ல அதே எட்டாம் ஹென்றியோட ஆட்கள் மூடினாங்க, கட்டடத்தை இடிச்சுக் கல்லெல்லாம் வேற வீட்டுக்குப் போச்சு. ஜாஸ்பர் சமாதியை யாரும் எங்கயும் மாத்தல.